பதினான்கு சாவிகள்

ஜார்ஜ் டவுனில் லெபோ சூலியாவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் மாமா ஒரு சிறிய தங்கும் விடுதியை நடத்தி வருகிறார். போருக்கு முன்பு கட்டப்பட்ட இரண்டு கடைவீடுகளை இணைத்து அமைத்த விடுதி அது. முன்புறம் ஐந்தடி நடைபாதை. உள்ளே நுழைந்தால் வரவேற்பு மேசை. மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. அந்தப் பலகையில் பதினான்கு கொக்கிகள் உண்டு. ஓர் அறைக்கு ஒரு கொக்கி. எத்தனை கொக்கிகள் காலியாக இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்தாலே அன்றைய வியாபாரம் எப்படி என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அன்று அங்கே தங்கியிருந்தவர்கள் ஒரு வயதான ஜெர்மானியத் தம்பதியர் மட்டுமே. நான்கு நாள் கழித்து அவர்களுக்கும் விமானம் கிடைத்தது. அன்றிரவு மாமா புலனத்தில் ஒரு படத்தை அனுப்பினார். பலகையில் பதினான்கு சாவிகளும் தொங்கிக்கொண்டிருந்தன. படத்துக்குக் கீழே ஒரு சொல்கூட இல்லை.

நான் அப்போது புத்ராஜெயாவில் இருந்தேன். மாநில எல்லையைக் கடக்க முடியாது. ஆகவே, இரவு ஒன்பது மணிக்கு மாமாவுடன் தொலைபேசியில் பேசுவது வழக்கமாயிற்று. நான் கல்வித்துறையில் முதுகலை படித்தவள். வணிகம் படித்தவள் அல்லள். ஆனால், குடும்பத்தில் கணினியில் அட்டவணை போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று மாமா நம்பினார். “பாப்பா, கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்,” என்றார். நாற்பது வயதைத் தாண்டிய என்னை இன்னமும் பாப்பா என்றுதான் அழைக்கிறார்.

மாமாவுக்கு இந்தத் தொழில் புதிதன்று. பத்தொன்பது வயதில் பத்து ஃபெரிங்கியில் இருந்த ஒரு கடற்கரை விடுதியில் அறை துப்புரவு செய்யும் பணியாளராகச் சேர்ந்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அவர் வரவேற்புப் பிரிவில் மேற்பார்வையாளர். அன்றைய அலையில் மலேசியாவில் உயிரிழந்தவர்களுள் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். மாமா வேலை செய்த விடுதியின் நீச்சல் குளத்தில் மணலும் சேறும் நிறைந்துவிட்டன. மறுநாள் காலையில் சமையல்காரர் முதல் கணக்காளர் வரை எல்லாரும் மண்வெட்டி எடுத்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“அலை வந்தது, போனது. அடுத்த நாள் நாங்கள் சேற்றை அள்ளினோம். செய்வதற்கு ஏதாவது வேலை இருந்தது. இதில் எதை அள்ளுவது?” என்று ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன. பழைய கடைவீடுகளைச் செப்பனிட்டுச் சிறிய விடுதிகளாக மாற்றும் போக்கு அதன்பிறகு வேகம் பிடித்தது. மாமாவும் அடுத்த ஆண்டே வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையும் அத்தையின் நகைகளையும் போட்டு இந்த விடுதியைத் தொடங்கினார். கட்டடம் சொந்தமன்று, வாடகைக்கு எடுத்ததுதான். சுவரோவியங்களைப் பார்க்கவும் சாப்பிடவும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்கள் பத்துப் பேர் என்றால் அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். அதுதான் விடுதியின் பலம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

மாமா அனுப்பிய ரசீதுகளை வைத்து நான் அட்டவணை போட்டேன். இங்கே விடுதித் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணிக்கடையில் இன்று விற்காத சட்டையை நாளை விற்கலாம். காய்கறிக் கடையில் வாடிய கத்தரிக்காயைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். விடுதியில் இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை இரண்டு முறை விற்க முடியாது. அந்த இரவின் வருமானம் போனது போனதுதான். ஆனால், வாடகையும் சம்பளமும் கடன் தவணையும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கடைசியில் வாசலில் வந்து நிற்கும்.

மாமாவின் கணக்கு இதுதான்: இரண்டு கடைவீடுகளுக்கும் மாத வாடகை 8,500 ரிங்கிட். ஆறு பணியாளர்களின் சம்பளம் 11,400 ரிங்கிட். குளிர்சாதனக் கருவிகள் வாங்கிய கடனுக்குத் தவணை 2,100 ரிங்கிட். மின்சாரம், தண்ணீர், காப்புறுதி முதலிய செலவுகள் எவ்வளவு சுருக்கினாலும் 1,500 ரிங்கிட். ஆக மொத்தம் 23,500 ரிங்கிட். கையிருப்போ 61,000 ரிங்கிட். இரண்டரை மாதம் தாங்கும்.

அட்டவணையின் அடியில் நான் என் பரிந்துரையையும் எழுதினேன். ஆறு பேரில் மூவரை நிறுத்திவிட வேண்டும். யார் யார் என்றும் குறிப்பிட்டேன். அறை துப்புரவு செய்யும் அக்காவின் பெயரை முதலில் எழுதினேன். விருந்தினர் இல்லாத விடுதியில் அறை துப்புரவுக்கு என்ன வேலை? மேலும் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அட்டவணையில் பார்த்தால் அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது.

மாமா இரண்டு நாள் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, “ஆறு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடு,” என்றார். அவ்வளவுதான்.

அதற்கிடையில் அரசாங்க உதவிகள் அறிவிக்கப்பட்டன. பேங்க் நெகாரா ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகளை ஒத்திவைத்தது. ஊதிய உதவித்தொகைத் திட்டம் முதலில் ஓர் ஆளுக்கு 600 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 6ஆம் நாள், 75 பேருக்கு மேற்போகாத நிறுவனங்களுக்கு அது 1,200 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும். உதவி பெறும் முதலாளி ஆட்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பது நிபந்தனை. என் பேச்சைக் கேட்டு மூவரை அனுப்பியிருந்தால் அந்த மூவருக்கான 3,600 ரிங்கிட்டும் கிடைத்திருக்காது. விடுதிகளுக்கு மின்கட்டணத்தில் 15 விழுக்காட்டுக் கழிவும் கிடைத்தது. “எரியாத விளக்குக்குக் கழிவு,” என்று மாமா சிரித்தார். கட்டடத்தின் உரிமையாளர் ஒரு சீன மூதாட்டி. அவர் தாமாகவே மூன்று மாதங்களுக்குப் பாதி வாடகை போதும் என்று சொல்லியனுப்பினார். மாதச் செலவு பத்தாயிரத்துக்கும் சற்றுக் குறைவாக இறங்கியது. இரண்டரை மாதம் ஆறு மாதமாக நீண்டது.

மாமா ஆறு பணியாளர்களையும் இடைவெளி விட்டு உட்கார வைத்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினாராம். கையிருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எதையும் மறைக்கவில்லை. “இப்போது முழுச் சம்பளம் தருகிறேன். உதவித்தொகை நின்ற பிறகு பாதிதான் தர முடியும். வேறு வேலை கிடைத்தால் போய்விடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்,” என்றார். முதலாளி கணக்கைக் காட்டினால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அன்று ஒருவரும் போகவில்லை.

மூடிக் கிடக்கும் விடுதியில் வேலையே இருக்காது என்று நான் நினைத்ததும் தவறு. அறையைப் பத்து நாள் பூட்டி வைத்தால் மெத்தையில் பூஞ்சணம் பிடிக்கும். குழாயைத் திறக்காவிட்டால் கழிவறையின் வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே வரும். முற்றத்துத் தொட்டியில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நூறாண்டுப் பழைமையான பலகைத் தளத்தைக் கவனிக்காவிட்டால் கரையான் கவனித்துக்கொள்ளும். துப்புரவு அக்கா லெபோ குயினில், நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தார். அவர் தினமும் காலையில் வந்து பதினான்கு அறைகளின் சன்னல்களையும் திறப்பார். குழாய்களைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுவார். மூன்று நாளுக்கு ஒருமுறை மெத்தைகளைப் புரட்டிப் போடுவார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வருமானத்துக்கு என்ன செய்வது? முதலில் அத்தையின் யோசனைப்படி பொட்டலச் சோறு விற்றார்கள். பெரிய விடுதிகள்கூடச் சாலையோரத்தில் கடை போட்ட காலம் அது. ஆனால், மூலைக்கு மூலை நாசி கண்டாரும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கிற பினாங்கில் சோறு விற்கப் போனது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாயிற்று. மூன்று வாரத்தில் 1,900 ரிங்கிட் நட்டம். அத்தைக்கு இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் பிடிக்காது.

அடுத்து வந்தது சலவை. படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இரண்டு பெரிய இயந்திரங்களும் ஓர் உலர்த்தும் இயந்திரமும் சும்மா நின்றன. அக்கம்பக்கத்துக் கடைகளில் வேலை செய்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் ஆகியோரின் துணிகளை எடை போட்டுத் துவைத்துக் கொடுத்தார்கள். கிலோவுக்கு 3 ரிங்கிட். பெரிய பணமில்லை. ஆனாலும் மின்கட்டணத்துக்கு ஆயிற்று.

மே மாதம் ஒரு மாலை, இரண்டு இளம் தாதியர் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றனர். மருத்துவமனையில் வேலை செய்வதால் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாத வாடகைக்கு அறை கிடைக்குமா என்று கேட்டார்கள். மாமா உடனே பதில் சொல்லவில்லை. அத்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. கோறணி நச்சில் என்றாலே எல்லாரும் நடுங்கிய நாள்கள் அவை. “ஐந்து நிமிடம் பொறுங்கள்,” என்று உள்ளே போய் அத்தையிடம் கேட்டிருக்கிறார்.

“நம் மகள் கோத்தா பாருவில் யார் வீட்டு வாசலிலாவது இப்படி நின்றால்?” என்று அத்தை திருப்பிக் கேட்டார்.

பின்பக்கப் படிக்கட்டை அவர்களுக்கு மட்டும் ஒதுக்கி, மாடியில் பதினோராம் எண் அறையையும் பன்னிரண்டாம் எண் அறையையும் கொடுத்தார்கள். அறைக்கு மாதம் 450 ரிங்கிட். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் சில வாரங்கள் மாமாவிடம் பேசவில்லை. இச்செய்தி எப்படியோ பரவி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நான்கு தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்தார்கள். ஆறு சாவிகள் பலகையிலிருந்து இறங்கின. ஒருநாள் விருந்தினரை நம்பிய விடுதி, மாதக்கணக்கில் தங்குகிறவர்களின் வீடாயிற்று. அவர்களுக்குத் தேவைப்பட்டவை வரைபடமும் சுற்றுலாக் கையேடும் அல்ல. துணி உலர்த்த ஒரு கொடியும் நள்ளிரவில் வெந்நீரும்தான்.

வரவேற்பறையின் இணைய வசதியும் வீணாகவில்லை. பக்கத்துச் சந்தில் ஐந்தாம் படிவம் படித்த ஒரு மாணவன் அங்கே உட்கார்ந்து இயங்கலை வகுப்பில் கலந்துகொண்டான். அவனுடைய எஸ்.பி.எம். தேர்வு அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. மாமா அவனிடம் காசு வாங்கவில்லை. சலவைக் கணக்கை எழுதும் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 10ஆம் நாள் மாநிலங்களுக்கிடையே பயணம் செய்ய அனுமதி கிடைத்தது. வெளிநாட்டவர் வரவில்லை, ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. மாமா அவசர அவசரமாக இரட்டைக் கட்டில் அறைகளைக் குடும்ப அறைகளாக மாற்றினார். வெளிநாட்டு இளைஞர்கள் முதுகுப் பையோடு நடந்து வருவார்கள். நம் மக்களோ காரில் வருவார்கள். கார் நிறுத்த இடம் எங்கே என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு காலி மனையின் காவலரிடம் பேசி அதற்கும் ஏற்பாடு செய்தார். ஆகஸ்டு மாத வார இறுதிகளில் பலகை மீண்டும் காலியானது. ‘தப்பித்துவிட்டோம்’ என்று அவர் அனுப்பிய செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

தப்பிக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் கட்டுப்பாடுகள் திரும்பின. 2021 ஜனவரி 13ஆம் நாள் பினாங்கில் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஜூன் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் முடக்கம். 2019ஆம் ஆண்டு மலேசியாவுக்கு வந்த சுற்றுப்பயணிகள் 26.1 மில்லியன் பேர். 2020ஆம் ஆண்டு அது 4.3 மில்லியனாகச் சுருங்கியது. 2021ஆம் ஆண்டு வந்தவர்கள் 1 இலட்சத்து 35 ஆயிரத்துக்கும் குறைவு. புக்கிட் ஜம்புல் குன்றில் இருந்த ஈக்குவடோரியல் போன்ற பெரிய விடுதியே அவ்வாண்டு தன் கதவை மூடியது.

மாமாவைத் தேற்றுவதற்காக, லெபோ ஃபார்குவாரில் இருக்கும் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் விடுதியின் வரலாற்றைப் படித்து ஓர் இரவு அவருக்குச் சொன்னேன். அதை 1885ஆம் ஆண்டு தொடங்கியவர்கள் ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியும் அவர்கள் தொடங்கியதுதான். 1920களில் பெரும் பணம் செலவழித்து விடுதியை விரிவாக்கினார்கள். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இரப்பர், ஈயத்தின் விலை சரிந்தது. தோட்டத்துரைமாரின் வரவு குறைந்தது. 1931ஆம் ஆண்டு சகோதரர்களின் நிறுவனம் நொடித்துப்போனது. ஆனால், விடுதி பிழைத்தது. ஜப்பானியர் காலத்தையும் தாண்டியது. 1996இல் மூடப்பட்டு, 2001இல் புதுப்பொலிவோடு மீண்டும் திறக்கப்பட்டது.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆக, விடுதி இருக்கிறது, முதலாளிகள் போய்விட்டார்கள். பாப்பா, நீ எனக்கு ஆறுதல் சொல்கிறாயா, பயமுறுத்துகிறாயா?” என்றார்.

அந்த ஜூலையில் கையிருப்பு 4,200 ரிங்கிட். பணியாளர்களில் ஒருவர் உணவு விநியோகிக்கும் வேலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் கூலிமில் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். தாதியர் இருவருக்கும் வேறு ஊர்களுக்கு மாற்றல் வந்திருந்தது. வீடுகளில் வெள்ளைக்கொடி ஏற்றி மக்கள் உதவி கேட்ட மாதம் அது. மாமா கட்டட உரிமையாளரைப் பார்க்கப் போனார். இரண்டு கடைவீடுகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். பதினான்கு அறைகள் எட்டாயின. இரண்டு வீடுகளையும் இணைத்திருந்த வாசலைக் கொத்தனார் செங்கல் வைத்து அடைத்த அன்று மாமா என்னை அழைக்கவில்லை. அத்தைதான் சொன்னார்.

நெருக்கடியிலிருந்து மீண்ட தொழில்களைப் பற்றிப் பேசும்போது புதிய யோசனைகளைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். சலவையும் மாத வாடகையும் குடும்ப அறையும் உதவியது உண்மைதான். ஆனால், அந்த விடுதி இன்று இருப்பதற்குக் காரணம் பாதியை இழக்க மாமா துணிந்தது என்பது என் கருத்து. இன்னும் மூன்று மாதம் தயங்கியிருந்தால் முழுவதும் போயிருக்கும். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓராண்டு முன்பே செய்திருக்க வேண்டும் என்றார்.

2021 அக்டோபர் 11ஆம் நாள், பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின், மாநில எல்லைகள் திறந்தன. அந்த வார இறுதியிலேயே நான் பினாங்குக்குப் புறப்பட்டேன். விடுதிக்குள் நுழைந்ததும் அடைக்கப்பட்ட வாசல்தான் கண்ணில் பட்டது. சுண்ணாம்பு பூசியும் அந்த இடம் தனியாகத் தெரிந்தது. துப்புரவு அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“கணக்குப் போட்டது நீங்கள்தானே, அம்மா?” என்றார்.

மாமா புத்தகத்தைத் திறந்து காட்டியபோது என் அட்டவணையும் அதற்குள் இருந்திருக்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை. முதல் பெயர் அவருடையது என்பது அவருக்குத் தெரியும்.

“எனக்கும் கூட்டல் கழித்தல் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் என் பெயரைத்தான் முதலில் எழுதியிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் மேலே ஒவ்வொரு சன்னலாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

2022 ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லை திறக்கப்பட்டது. வெளிநாட்டவர் மெல்ல மெல்ல வரத் தொடங்கினர். ஆனாலும் மாமா இரண்டு அறைகளை மாத வாடகைக்கென்றே வைத்திருக்கிறார், சலவையையும் விடவில்லை. சாவிப் பலகையை மட்டும் மாற்றவில்லை. எட்டுக் கொக்கிகளில் சாவிகள். மீதி ஆறில் குடை, கத்தரிக்கோல், முகக்கவரிப் பொட்டலம் என்று கண்டதும் தொங்குகிறது.

சில மாதங்கள் கழித்துத் தைப்பிங்கிலிருந்து ஒரு கடித உறை வந்தது. தாதியரில் ஒருவர் அனுப்பியது. வீடு மாறும்போது பெட்டியின் அடியில் கிடைத்ததாம், மன்னிக்க வேண்டுமாம். உள்ளே பதினோராம் எண் அறையின் சாவி இருந்தது. அந்த அறை இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், வேறொருவரின் காப்பிக்கடைக்கு மேலே இருக்கிறது. மாமா பதினோராம் கொக்கியிலிருந்து குடையை எடுத்துவிட்டு, சாவியை அங்கே மாட்டினார்.